சாகாதவர்கள் வாழும் மதுரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வைகைக் கரையை வைத்து நான் எழுதிவரும் சூப்பர் ஹீரோ கதைகளைப் படிப்பவர்கள் சண்டைக் காட்சிகளைப் பற்றி அதிகம் கேட்பதில்லை. காதுகுத்துக்கு யார் வருவார்கள், கொள்ளி யார் வைப்பார்கள், பென்ஷன் உண்டா என்றுதான் கேட்கிறார்கள். எனக்கும் அதுதான் பிடித்த இடம். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

இந்தக் கதையுலகத்தின் அடிப்படை என்ன?

நம் மதுரையேதான். அதே மாட்டுத்தாவணி, அதே மாசி வீதிகள், அதே வெயில். மாற்றம் இரண்டுதான். ஊருக்கு நாலைந்து பேருக்கு ஏதோ ஒரு சக்தி இருக்கிறது: ஒருவர் பறப்பார், ஒருத்தி இரும்பை வளைப்பாள், இன்னொருவர் தண்ணீர் எங்கே ஓடுகிறது என்பதை மண்ணைத் தொட்டே சொல்வார். மாவட்டம் முழுக்கத் தேடினால் பதினோரு பேருக்கு வயது ஒரு கட்டத்தோடு நின்றுவிட்டது. அவர்களை ஊரில் ‘வயசு நின்னவுக’ என்கிறார்கள். இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று கதைகள் சொல்வதில்லை, சொல்லப்போவதும் இல்லை. அப்படிப்பட்ட ஒருவர் ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது என்ன நடக்கிறது என்பதில்தான் என் கவனம்.

ஏன் மதுரை?

சாகாத மனிதர் ஒருவர் இருந்திருந்தால், அவர் நின்ற இடம் இன்றும் இருக்க வேண்டும். மாங்குளம் மலைக் குகையில் நெடுஞ்செழியன் பெயர் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. வெட்டி இரண்டாயிரம் ஆண்டுக்கு மேலாகிறது. 1311இல் மாலிக் காபூர் படை வந்தது. 1623 முதல் 1659 வரை திருமலை நாயக்கர் ஆண்டார். 1921 செப்டம்பரில் மேலமாசி வீதி வீட்டில் காந்தி மேல்சட்டையைத் துறந்தார். இத்தனையையும் ஒரே ஆள் பார்த்திருக்க முடியும், அதுவும் ஊரைவிட்டுப் போகாமலே. புதிதாக எழும்பிய நகரத்தில் இதை எழுத எனக்குத் தெம்பு வராது.

மக்கள் பயப்படமாட்டார்களா? ஆச்சரியப்படமாட்டார்களா?

வேறு ஊர்க்காரர் அளவுக்கு மாட்டார்கள். மீனாட்சியம்மன் கோயிலுக்குள் எல்லாம் வல்ல சித்தருக்குச் சன்னிதி இருக்கிறது. அவர் கல்யானைக்குக் கரும்பு ஊட்டிய கதை சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சதுரகிரியில் சித்தர்கள் இன்றும் நடமாடுகிறார்கள் என்று நம்பி அமாவாசைக்கு மலையேறுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. பக்கத்துத் தெருவில் ஒருவர் சாகாமல் இருக்கிறார் என்றால், ‘எந்த ஊர்க்காரர், யார் வீட்டு ஆள்?’ என்பதே முதல் கேள்வியாக இருக்கும்.

சாகாவரம் என்றால் என்ன வகை? பசிக்குமா, வலிக்குமா?

நம் கதைகளிலேயே பல வகை உண்டு. மார்க்கண்டேயன் என்றும் பதினாறு. அசுவத்தாமனோ ஆறாத புண்ணோடு அலையும்படி சபிக்கப்பட்டவன், அவனுக்குச் சாகாமைதான் தண்டனை. இரண்டுக்கும் நடுவே ஓர் இடத்தை எடுத்துக்கொண்டேன். வயது நிற்கும். காயம் ஆறும், ஆனால் ஆறும்வரை வலிக்கும். பசி எல்லோருக்கும் இருப்பதுபோலவே இருக்கும்.

பசியை விட்டுவைத்ததற்குக் காரணம் தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணம் முழுக்க லட்சக்கணக்கானோர் செத்த பஞ்சம் அது. என் கதையில் வரும் பேச்சி அப்பத்தா அப்போது இருபத்தேழு வயதுக்காரி. சோழவந்தான் பக்கம் ஒரு கிராமம். கூடவே பசித்தவர்கள் எல்லாரும் அந்தப் பசியால் செத்தார்கள், இவள் ஒருத்தி பசித்துக்கொண்டே இருந்தாள். தான் வயசு நின்றவள் என்பது அவளுக்குத் தெரிந்ததே அப்படித்தான்.

தமிழ் வருஷங்கள் அறுபதுக்கு ஒருமுறை திரும்பி வரும். தாது 1936இல் வந்தது, 1996இல் வந்தது. இனி 2056. அந்த இரண்டு தடவையும் சித்திரை பிறக்கும் முன்பே அப்பத்தா கேப்பையும் சோளமும் வாங்கி, குதிர் நிறையக் கொட்டி வைத்தாள். 1996இல் பேரப்பிள்ளைகள் சொல்லிப் பார்த்தார்கள், ‘ரேஷன்ல அரிசி இருக்குல்ல அப்பத்தா’ என்று. அவள் கேட்கவில்லை. 1895இல் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் வைகைக்கு வந்து இருபோகம் விளைந்ததைப் பார்த்தவள்தான். இருந்தாலும் கேட்கவில்லை.

அவர் சாகவே இல்லையென்றால் சொத்து எப்படிப் பிரியும்?

அதிகம் பேர் கேட்டது இதைத்தான். கேட்டவர்களில் பாதிப்பேர் வீட்டிலேயே இந்தப் பிரச்சினை இருந்திருக்கும். தொண்ணூறு வயது அய்யா பேரில் பட்டா இருக்க, அறுபத்தைந்து வயது மகன் வங்கிக் கடனுக்கு அவர் கையெழுத்தை எதிர்பார்த்து நிற்கும் வீடுகள் நம் பக்கம் எத்தனையோ.

பூர்விகச் சொத்தை உயிரோடு இருக்கும்போதே பாகம் பிரிக்கலாம். தமிழ்நாட்டில் 1989 திருத்தத்துக்குப் பிறகு பெண் பிள்ளைகளுக்கும் அதில் சம பங்கு வந்தது. சுயமாகச் சம்பாதித்தது வேறு கதை. அவராக எழுதிக் கொடுத்தால் உண்டு, இல்லையென்றால் அவர் காலத்துக்குப் பிறகுதான். காலமே முடியாதவரிடம் என்ன செய்வது? நல்ல மனசுக்காரர் எழுதிக் கொடுத்துவிடுவார். கொடுத்தபின் அவர் யார் வீட்டில் சாப்பிடுவது? முப்பது வயது உடம்போடு இருப்பவருக்கு எழுபது வயதுப் பேரன் எத்தனை காலம் சோறு போடுவான்? எழுதிக் கொடுத்தவரைத் திண்ணைக்குத் தள்ளிய வீடுகளை எல்லோரும் பார்த்திருக்கிறோம். வயசு நின்றவர்களும் பார்த்திருக்கிறார்கள்.

கதையில் அவர்கள் கண்டுபிடித்த வழி, ஏழு வருஷம் காணாமல் போவது. ஒருவரைப் பற்றி, தகவல் தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கே ஏழு ஆண்டு தகவல் இல்லையென்றால் இறந்ததாகக் கொள்ளலாம் என்று பழைய சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு சொன்னது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சட்டத்திலும் அதே ஏழு ஆண்டுதான். பிள்ளைகள் தலையெடுத்ததும் வயசு நின்ற தகப்பன் ஒருநாள் விடியற்காலை பஸ் ஏறிவிடுவார். வீட்டில் தேடுவார்கள், போலீஸில் எழுதி வைப்பார்கள், ஏழு வருஷம் கழித்துக் கோர்ட்டுக்குப் போய் வாரிசுச் சான்றிதழ் வாங்குவார்கள். அதற்குப் பிறகு அவர் திரும்பி வரலாம், ஆனால் ஒரு மேலூர்க்கார தூரத்து உறவாக. இது சட்டத்தை ஏமாற்றுவதுதான், அதை மறைத்து எழுதவில்லை. ஆனால் அந்த ஏழு வருஷமும் வீட்டில் இருப்பவர்கள் உண்மை தெரிந்தே அழவேண்டியிருக்கிறது. எழுதும்போது எனக்குக் கையே ஓடாத பகுதி அதுதான்.

செய்முறை? மொய்?

உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து ஆட்கள் நிச்சயம் கேட்பார்கள் என்று தெரியும். வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வரி: நம் பக்கம் காதுகுத்து, கல்யாணம், சடங்கு எதுவானாலும் வந்தவர்கள் செய்யும் பணத்தை நோட்டில் எழுதுவார்கள். அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு நாம் கூடுதலாக வைத்துத் திருப்பிச் செய்ய வேண்டும். திருப்பாவிட்டால் சொந்தமே அறுந்துபோகும்.

இப்போது பேச்சி அப்பத்தாவை அப்படி ஒரு காதுகுத்து மண்டபத்தில் உட்கார வையுங்கள். வாசலில் மேசை, மேசையில் எவர்சில்வர் தாம்பாளம், பக்கத்தில் நீள நோட்டோடு இரண்டு பேர், மைக்கில் ஒருவர். ‘முள்ளிப்பள்ளம், தாய்மாமன் முறை, ஐயாயிரத்தி ஒன்னு...’ அப்பத்தா மடியில் துணி சுற்றிய பழைய நோட்டு ஒன்று. ஓரம் செல்லரித்தது, மையெல்லாம் பழுப்பு. அதில் 1952இல் நடந்த ஒரு காதுகுத்துக்கு எதிர்வீட்டுக்காரர் இரண்டு ரூபாயும் ஒரு மரக்கால் நெல்லும் செய்ததாக இருக்கிறது. எதிர்வீட்டுக்காரர் போய் நாற்பது வருஷமாகிறது. அவர் மகனும் போய்விட்டார். இன்று காது குத்துவது பேரனின் பேத்திக்கு. அந்தப் பிள்ளைகளுக்கு இரண்டு ரூபாய் விஷயமே தெரியாது. ‘எழுதுங்கய்யா’ என்று அப்பத்தா எழுந்து போய் ஒரு மூட்டை நெல்லை இறக்கச் சொல்கிறாள். கூட ரொக்கமும் வைக்கிறாள். மைக்கில் இருப்பவர் முறை என்ன என்று கேட்கிறார். கூட்டத்துக்கு இருபத்தேழு வயதுப் பெண்தான் தெரிகிறாள். ‘எதுத்த வீடுன்னு போடு’ என்கிறாள்.

சாகாமை எவ்வளவு பாரம் என்பது இங்கே தெரிகிறது. மற்றவர்களுக்கு நோட்டு ஒரு தலைமுறையில் பிள்ளைகள் கைக்குப் போய்விடும், பழையது மங்கும். அவளுக்கு எல்லாக் கணக்கும் அவள் பேரிலேயே நிற்கிறது.

பேரனுக்கு எழுபது, அப்பத்தாவுக்கு இருபத்தேழு. யார் யார் காலில் விழுவது?

முறைதான் முக்கியம், முகமல்ல. பேரன் மூட்டுவலியோடு குனிந்து விழுவார், அப்பத்தா திருநீறு பூசுவாள். பஸ்ஸில்தான் சிக்கல். நடத்துநர் பெரியவருக்கு இடம் விடச் சொல்லி அப்பத்தாவை எழுப்புவார், அவள் எழுந்து நின்று பேரனை உட்கார வைப்பாள்.

சாவு வீட்டில் வயசு நின்னவர்களின் இடம் என்ன?

கேதம் கேட்கப் போகாமல் இருக்க முடியாது. மற்ற விசேஷத்துக்கு விட்டாலும் விடலாம், கேதத்துக்கு விட்டால் ஊர் மன்னிக்காது. கோடித் துணி எடுத்துப் போவார்கள், நீர்மாலைக்குப் போவார்கள், பதினாறாம் நாள் கருமாதிக்கும் வருவார்கள். ஒப்பாரி சொல்வதில் பேச்சி அப்பத்தாவை மிஞ்ச ஆளில்லை. செத்தவரின் தகப்பன், பாட்டன், பூட்டன் வரை பேரும் குணமும் சொல்லி அழுவாள். அவள் அழுது முடிக்கும்போது அந்தக் குடும்பத்துக்கே தங்கள் வமிசம் முழுக்கத் தெரிந்துவிடும். பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்து கூப்பிடுகிறார்கள்.

தன் சொந்தப் பிள்ளைகளின் சாவுக்கு அவள் ஒரு வரியும் சொல்லவில்லை. பெற்றவள் இருக்கப் பிள்ளை போவதைப் ‘புத்திர சோகம்’ என்று நம் மக்கள் பெருந்துயரமாகச் சொல்வார்கள். அவளுக்கு அது நான்கு முறை. கொள்ளி வைக்க மகன் வேண்டும் என்று நேர்ந்து பெற்ற பிள்ளைகள். அவளுக்குக் கொள்ளியும் தேவையில்லை, அந்தப் பிள்ளைகளும் இல்லை.

சூப்பர் ஹீரோக்களை மக்கள் சாமியாகக் கும்பிடுவார்களா?

செத்தால் கும்பிடுவார்கள்.

இதை விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் மொத்தக் கதையுலகமும் இதன்மேல்தான் நிற்கிறது. நம் நாட்டில் வீரனுக்குக் கல் நடும் வழக்கம் மிகப் பழையது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில், வைகைக் கரையில், 2006இல் தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்கள் கிடைத்தன. இந்தியாவில் கிடைத்த எழுத்துடைய நடுகற்களில் மிகப் பழையவற்றில் சேர்பவை அவை. அதில் ஒன்று, கூடலூர் ஆகோளில், அதாவது மாடு கவர்ந்த பூசலில், மாண்ட தீயன் அந்தவன் என்பவனுக்கு நட்ட கல். அவன் ஜெயித்தானா என்று கல் சொல்லவில்லை. பேரையும் சண்டையையும் சொல்கிறது, அவ்வளவுதான்.

மதுரைவீரன் கதையும் அப்படியே. திருமலை நாயக்கர் காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் அந்தக் கதையில், கள்ளரை அடக்கிய வீரன் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டுச் செத்த பிறகுதான் சாமியாகிறான். மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்தின் பக்கம் இன்றும் அவனுக்குச் சன்னிதி இருக்கிறது. நம் கிராமங்களில் காவல் நிற்கும் பல சாமிகளின் கதையைக் கேட்டுப் பாருங்கள். அநியாயமாகவோ அகாலமாகவோ போன ஒருவர் அங்கே இருப்பார்.

அப்படியானால் சாகவே முடியாத வீரனுக்கு என்ன மரியாதை? என் கதையில் ஒரு கண்மாய்க் காவல்காரர் வருகிறார். வெட்டினாலும் அறுபடாத உடம்பு. அறுபது வருஷமாக மடையைக் காக்கிறார், கரை உடைப்பில் தானே குறுக்கே படுத்துத் தண்ணீரை நிறுத்தியிருக்கிறார். அவருக்கு டீ கிடைக்கும், பேர் கிடைக்கும், பிளெக்ஸ் கிடைக்கும். பீடம் கிடைக்காது. அதே கண்மாயில் மூழ்கிய இரண்டு பிள்ளைகளைத் தூக்கிவிட்டு மாண்ட பத்தொன்பது வயதுப் பையனுக்கு, ஒரு நிமிஷம் மூச்சடக்குவதைத் தவிர வேறு சக்தி இல்லாதவனுக்கு, வருஷம் திரும்புவதற்குள் கல் நட்டுப் பொங்கல் வைத்துக் கிடா வெட்டுகிறார்கள். காவல்காரருக்குப் பொறாமை இல்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் அந்தக் கல்லுக்கு எண்ணெய் ஊற்றுபவர் அவர்தான். ஊர் சரியாகத்தான் செய்திருக்கிறது என்பது அவருடைய கட்சி, என்னுடையதும் அதுவே. இழக்க முடியாதவர் கொடுத்ததையும், இருந்த ஒன்றையே கொடுத்தவரையும் ஒரே பீடத்தில் வைக்க நம் ஆட்களுக்கு மனசு வராது.

பறப்பவர்கள் எங்கே வேண்டுமானாலும் பறக்கலாமா?

மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் ஒன்பது மீட்டருக்கு மேல் கட்டடம் எழுப்பக்கூடாது என்ற விதி நிஜத்திலேயே உண்டு. கதையில் அதே எல்லை பறப்பவர்களுக்கும் பொருந்தும். மாசி வீதிக்குள் வந்தால் இறங்கி நடக்க வேண்டும். விதி இல்லாவிட்டாலும் கோபுரத்துக்கு மேலே பறக்க எந்த மதுரைக்காரருக்கும் கால் கூசும்.

முகமூடி, மேலங்கி?

இல்லை. இந்த வெயிலுக்கு ஆகாது. தவிர, நாலு தெரு தாண்டினால் யார் மகன் என்று கண்டுபிடித்துவிடும் ஊரில் முகமூடிக்கு வேலையில்லை.

ஜல்லிக்கட்டில் சக்தி உள்ளவர்கள் இறங்கலாமா?

கூடாது. அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் மூன்றிலும் கதைப்படி இதுதான் முதல் விதி. திமிலைப் பிடித்து, மாடு மூன்று துள்ளு துள்ளும்வரை அல்லது எல்லைக்கோடு தாண்டும்வரை விடாமல் தொங்கினால்தான் பிடி. அந்தச் சில நொடியில் கொம்பு எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாது, அதனால்தான் அது வீரம். குத்தினாலும் ஏறாத உடம்புக்காரன் பிடித்தால் காளையை வளர்த்தவருக்கு அவமானம்.

ஆனால் அவர்களுக்கும் வேலை உண்டு. வாடிவாசலுக்கு அப்பால் மாடுகள் ஓடி நிற்கும் வெளியில், கூட்டத்துக்குள் பாயும் காளையின் குறுக்கே நிற்பது. வாடியில் முதலில் அவிழ்ப்பது கோயில் காளை, அதை யாரும் பிடிக்கமாட்டார்கள். கண்மாய்க் காவல்காரர் அது போகும் வழியில் வருஷா வருஷம் கையெடுத்துக் கும்பிட்டு நிற்பார்.

சாப்பாட்டில் என்ன வித்தியாசம்?

பதினோரு பேரில் மூத்தவர் ஓர் உப்பு வியாபாரி. மாலிக் காபூர் படை வந்ததைப் பார்த்தவர். மிளகாய் போர்த்துக்கீசியர் வழியாக அமெரிக்காவிலிருந்து வந்தது 1500க்குப் பிறகு. அதற்கு முன் பழகிய நாக்கு அவருடையது, காரம் என்றால் அவருக்கு மிளகுதான். தக்காளியை இன்றுவரை குழம்பில் ஒதுக்குவார். ஜிகர்தண்டா மட்டும் பிடித்துப்போனது.

சித்திரைத் திருவிழாவில் இவர்கள் எங்கே இருப்பார்கள்?

மீனாட்சி கல்யாணம் ஒருகாலத்தில் மாசியில் நடந்தது, அழகர் தேனூர்ப் பக்கம் ஆற்றில் இறங்கினார், இரண்டையும் சித்திரையில் சேர்த்தது திருமலை நாயக்கர் என்று சொல்வார்கள். கதையில் உப்பு வியாபாரிக்கு அந்தப் பழைய திருவிழா ஞாபகம் இருக்கிறது. தேனூர்க்காரர் யாரைக் கண்டாலும் அதைப் பேசாமல் விடமாட்டார்.

அழகர் இறங்கும்போது லட்சக்கணக்கான கூட்டம், தோல்பையால் பீய்ச்சும் தண்ணீர், அழகர் உடுத்தி வருவது பச்சைப்பட்டா சிவப்பா என்ற தவிப்பு. அங்கே இவர்களும் எல்லோரையும்போலத்தான். பதினோரு பேரும் ஒன்றாகச் சந்திப்பது மறுநாள், வண்டியூர் பக்கம் தேனூர் மண்டபத்தில். துர்வாசர் சாபத்தால் தவளையாகி வைகையில் காத்துக் கிடந்த மண்டூக முனிவருக்கு அழகர் விமோசனம் கொடுக்கும் இடம் அது. தங்களைப்போல் காத்திருந்தவருக்கு ஒரு முடிவு கிடைப்பதைப் பார்க்க வருகிறார்கள். 2020இலும் 2021இலும் கொரோனாவால் அழகர் ஆற்றுக்கு வரவில்லை. அந்த இரண்டு வருஷமும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

பென்ஷன் உண்டா?

மத்திய அரசு பென்ஷன்தாரருக்கு எண்பது வயதில் அடிப்படைப் பென்ஷனில் 20 சதவீதம் கூடும், பிறகு படிப்படியாக ஏறி நூறு வயதில் 100 சதவீதம் கூடி இரட்டிப்பாகும். அதற்கு மேல் படி இல்லை, சட்டம் எழுதியவர்கள் அதற்கு மேல் யோசிக்கவில்லை. தபால் துறையில் இருந்து ஓய்வுபெற்ற வயசு நின்றவர் ஒருவர் ஒவ்வொரு நவம்பரிலும் உயிர்ச்சான்று கொடுக்கப் போகிறார். கைரேகை ஒத்துப்போகிறது, முகம் வயதோடு ஒத்துப்போவதில்லை. எழுத்தர் பொறுமையானவர். விதியில் இடமிருந்தால் மறுக்க எனக்கு அதிகாரமில்லை என்கிறார்.

பழசைக் கண்ணால் பார்த்தவர்கள் இருக்கும்போது கீழடியில் தோண்டுவானேன்?

ஞாபகம் சாட்சி ஆகாது. எழுநூறு வருஷத்தில் ஒரு ஞாபகத்தைப் பல்லாயிரம் தடவை சொல்லியிருப்பார்கள், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறியிருக்கும். உப்பு வியாபாரியே இதை ஒப்புக்கொள்கிறார். கீழடி அருங்காட்சியகத்தில், பானை ஓட்டில் ‘ஆதன்’ என்று கீறியிருப்பதைப் பார்த்துவிட்டு, ‘நான் சொன்னா மாறும், ஓடு மாறாது தம்பி’ என்று அங்கே இருந்த மாணவனிடம் சொல்லிவிட்டு வருகிறார்.

எல்லோருக்கும் சாகாவரம் கிடைத்தால் என்ன ஆகும்? அப்படி ஒரு கதை வருமா?

மருந்து ஒன்று கிடைக்கும் கதை வரும். புறநானூற்றில் ஒரு பாட்டு: இந்த உலகம் இன்னும் இருக்கிறதென்றால், இந்திரர் அமிழ்தமே கிடைத்தாலும் இனிது என்று தனியாக உண்ணாதவர்கள் இருப்பதால்தான் என்கிறது. பாடியவன் ஒரு பாண்டியன்.  கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி என்று, செத்த விதத்தைச் சொல்லித்தான் அழைக்கிறோம். அமிழ்தத்தைத் தனியாகத் தின்னமாட்டேன் என்றவன் கடலில் போயிருக்கிறான். அதியமானும் அரிய நெல்லிக்கனியைத் தான் தின்னாமல் அவ்வைக்குத்தான் கொடுத்தான்.

அதனால் என் கதையில் மருந்து பேச்சி அப்பத்தாவின் வெற்றிலைக் கொடிக்காலில் கிடைக்கும். ஒரு வீட்டுக்குப் போதுமான அளவு. ஊருக்குப் பங்கு வைத்தால் ஆளுக்கு ஒரு வருஷம்கூடக் கூடாது. பங்காளிகள் கூடி உட்கார்ந்து பேசுவதுதான் கதை முழுக்க. எப்படி முடியும் என்பது எனக்குத் தெரியும், இங்கே சொல்லமாட்டேன்.

நானும் இந்த உலகத்தில் கதை எழுதலாமா?

தாராளமாக. பதினோரு பேரில் ஏழு பேரைப் பற்றி நான் இன்னும் எழுதவில்லை. ஊர், தொழில், வயது நின்ற வருஷம் மூன்றையும் முதலில் தீர்மானியுங்கள். உங்கள் வீட்டுப் பழைய செய்முறை நோட்டை ஒருமுறை எடுத்துப் பாருங்கள், அதில் ஒரு பேராவது உங்களுக்கு யாரென்று தெரியாததாக இருக்கும். வீட்டில் பெரியவர் இருந்தால் அந்தப் பேரைப் பற்றி அவரிடம் கேளுங்கள். பேச்சி அப்பத்தா எனக்கு அப்படித்தான் கிடைத்தாள்.